மதிலுக்கு அந்தப் பக்கம் பூத்த கொடி

குமணன்சாவடியைத் தாண்டியதும் நெடுஞ்சாலையோரம் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் செடியைத் தவிர மற்ற எல்லாம் தெரியும். எந்த அபார்ட்மெண்டுக்கு யார் செயலாளர், எந்தத் தொட்டிக்கு என்ன பெயிண்ட் அடித்தால் புதுசு மாதிரி இருக்கும், எல்லாம் விரல்நுனியில். ட்ரம்பெட் கொடி வேண்டும் என்று கேட்டேன். ஒருவர் அலமாண்டாவைத் தூக்கிவந்து நீட்டினார். கணுவுக்கு நாலு இலை சுற்றி வந்திருக்கிறது, கிள்ளினால் பால் வடிகிறது, ட்ரம்பெட் கொடிக்கு இந்த இரண்டும் கிடையாதே என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, இதுவும் ட்ரம்பெட்தான் மேடம், மஞ்சள் ட்ரம்பெட் என்றார்.

அடுத்த முறை என் கணவரை அனுப்பினேன். அது என் புத்திக் குறைவு. ஆவடித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இரும்பைப் பார்த்த மனிதர், ஒரு சொர்ணபட்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அது கொடியே இல்லை, புதர். கேட்டால், பூ ஒரே மாதிரிதானே இருக்கு என்கிறார்.

நான் அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்நிலை வகுப்புக்குத் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பூவை வைத்துச் செடியை அடையாளம் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் தலைக்கேறும். குழல் மாதிரிப் பூக்கிற செடி நூறு இருக்கிறது. இலையைப் பார்க்க வேண்டும். ட்ரம்பெட் கொடிக்கு ஒரே காம்பில் எதிரெதிராக ஏழு, ஒன்பது என்று சிற்றிலைகள் இருக்கும், நுனியில் ஒன்று தனியாக நிற்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ரம்பப் பல். தண்டைத் திருப்பிப் பார்த்தால் கணுக்களில் பழைய பல்துலக்கும் பிரஷ் மாதிரி குட்டி வேர்கள். அந்த வேர்களை வைத்துத்தான் சுவரில் ஏறும், பற்றுக்கம்பி எதுவும் விடாது. பூ ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு நிறம், கிளை நுனியில் கொத்தாக வரும். இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள ஒரு பட்டமும் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

எங்கள் எதிர் அபார்ட்மெண்டில் வெளியூர்களிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள் நிறைய. மாடித்தோட்ட வாட்ஸப் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். என்னையும் இழுத்துச் சேர்த்தார்கள். பிற்பாடு கொடி கிடைத்து வளர்ந்தபோது அதை ஒருத்தி செல்போனில் படம் பிடித்து, செடியின் பெயர் சொல்லும் ஆப்பில் போட, அது ஊமத்தை என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான், குழு முழுக்கக் கூப்பாடு. விஷம், குழந்தைகள் இருக்கிறார்கள், உடனே பிடுங்குங்கள். ஊமத்தை எந்த ஊரிலாவது மதிலேறிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பதிலுக்கு ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். நான் குழுவிலிருந்து வெளியேறினேன்.

மூன்றாம் முறை நானே போய் நர்சரியின் பின்பக்கம், உடைந்த தொட்டிகளுக்கு நடுவில் தேடிக் கண்டுபிடித்தேன். 'ரோஸ்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. நான் திருத்தப் போகவில்லை. ரோஸ் என்றே சொல்லி வாங்கி வந்துவிட்டேன்.

கொண்டுவந்து எங்கள் வீட்டுக்கும் கொழுந்தன் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற மதிலடியில், என் பக்கத்தில் நட்டேன். மாமனார் வாங்கிப் போட்ட ஒரே மனையை அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிரித்துக் கட்டிக்கொண்ட வீடுகள் இவை. நடுவில் நெஞ்சளவு மதில், அதில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அந்தக் கதவு வழியாகத் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு டீ வரும். கொண்டுவருகிறவள் கொழுந்தனின் மனைவி, என் ஓரகத்தி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள். கொழுந்தன் பக்கத்து ஊரான பாடியில் வேலை பார்த்தபோது விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். அவளுடைய அம்மா பாடியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அவளை வளர்த்தாள். வீட்டை ஊடு என்பாள், இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வாயே வராது, கீது என்பாள். இருபத்தைந்து வருஷமாகத் திருத்திப் பார்த்தேன். சிரிப்பாளே தவிரத் திருந்த மாட்டாள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே நான் சொல்வதை எல்லாம் கேட்பாள். ஒளிச்சேர்க்கையிலிருந்து எங்கள் பாஸ்டரின் இலக்கணப் பிழை வரை எதைச் சொன்னாலும் கேட்பாள். அவளை ஒரு தட்டு மட்டம் தட்டாமல் எனக்கு அந்த டீ இறங்காது. ஓய்வு பெற்ற பிறகு நான் பேசக் கேட்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்தது அவள் ஒருத்திதான். அது எனக்கு அப்போது தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே தெரியும்.

கொடிக்கு வருவோம். அதற்கு நான் செய்த ராஜ உபசாரத்தைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் செய்திருக்க மாட்டேன். மக்கிய ஆட்டு எரு, ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர், மாதம் ஒரு பிடி யூரியா, காலையும் மாலையும் தண்ணீர். ஒரே வருஷத்தில் என் பக்கம் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி மதிலை மூடிவிட்டது. அடியிலிருந்து வேர்க்கன்றுகள் கிளம்பி, சிமெண்டை நெம்பி, வாசற்படி இடுக்கில்கூட எட்டிப் பார்த்தன. அவற்றைக் கிள்ளினால் சாறு பட்டுக் கை அரிக்கும். அரிக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். பூக்கப்போகிறதே.

பூத்தது. அடுத்த கோடையில் கொத்துக் கொத்தாகப் பூத்தது, அவள் பக்கத்தில்.

என் பக்கம் நின்று பார்த்தால் இலை, இலை, இலை. மதிலுக்கு மேல் எக்கிப் பார்த்தால் அவள் பக்கம் தீப்பிடித்தது போல் ஆரஞ்சு. எறும்புகள்கூட என் பக்கத்திலிருந்து வரிசையாக ஏறி அந்தப் பக்கம்தான் போயின. நட்டது நான், எரு போட்டது நான், கை அரித்தது எனக்கு. அவள் துணி பிழிந்த தண்ணீரைக்கூட அந்தப் பக்கம் ஊற்றியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு மேற்கு வெயில் கிடைக்கிறது, அதனால்தான் என்று காரணம் கண்டுபிடித்து அவளுக்கே பாடம் எடுத்தேன். சரிக்கா என்று கேட்டுக்கொண்டாள்.

அவள் செய்த ஒரு காரியம் மட்டும் எனக்குப் பொறுக்காது. டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடுகளுக்கெல்லாம் வெள்ளையடிப்புப் பைத்தியம் பிடிக்கும். நட்சத்திரம் தொங்கவிடுவதற்கு முன்னால் மதில் பளிச்சென்று இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இயேசு பிறக்க மாட்டார். வெள்ளையடிக்கிறவர்கள் வருவதற்கு முந்தின நாள் அவள் தேங்காய் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு, தன் பக்கம் தொங்குகிற கொடியை ஒட்ட வெட்டி, சுவரிலிருந்து பிய்த்தெடுத்து, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவாள். சுவரில் பூரான் ஊர்ந்த மாதிரி வேர்த்தடம் மட்டும் இருக்கும். அதன் மேல் சுண்ணாம்பு. இரண்டு வருஷம் இதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் நான் ஒரு இலையைத் தொட விடவில்லை. என் பக்க மதிலுக்கு வெள்ளையே கிடையாது.

மூன்றாவது டிசம்பரில் அவள் கத்தியோடு சின்னக் கதவைத் திறந்துகொண்டு என் பக்கம் வந்தாள். வெள்ளையடிக்கிறவர்கள் இரண்டு பேர் அன்றைக்கே வந்துவிட்டிருந்தார்கள். பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் பணியாரம் யார் செய்வது என்று கேட்க வந்த பாஸ்டரம்மாவும் என் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"இந்தப் பக்கமும் வெட்டி உட்டுடறேன்க்கா. வெட்டுனா நல்லா பூக்கும். என் பக்கம் பாத்தேல்ல."

தாவரவியல் டீச்சருக்கு, பாஸ்டரம்மா முன்னால், தேங்காய் வெட்டும் கத்தியை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு விஷம் வந்ததோ.

"உங்கம்மா பாத்திரம் தேய்ச்ச வீட்டுல தோட்டத்தைப் பாத்திருப்ப. அதுக்காகச் செடியைப் பத்தி எனக்குச் சொல்லித்தர வந்துடுவியா?"

பாஸ்டரம்மா பணியாரத்தைப் பற்றிய நோட்டுப் புத்தகத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். வெள்ளையடிக்கிறவர்களில் ஒருவர் சுண்ணாம்பு மட்டையை வாளியில் முக்கியபடியே நின்றுவிட்டார். அவள் கத்தியைப் புடவையில் துடைத்தாள், துடைப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. திரும்பிப் போய்க் கதவைத் தன் பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். அன்றைக்கு நாலு மணிக்கு டீ வரவில்லை.

அந்த வருஷம் அவள் தன் பக்கக் கொடியைத் தொடவில்லை. கொடி படர்ந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, மிச்ச மதிலுக்கு மட்டும் வெள்ளையடிக்கச் சொன்னாள். கிறிஸ்துமஸ் அன்று காலை இரண்டு வீட்டுக்கும் அவள் வீட்டில்தான் பிரியாணி வேகும், அது எங்கள் வழக்கம். அந்த வருஷம் என் கணவர் ஹோட்டலில் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலில் எதிரே பார்த்தால், நல்லாக்கீறீங்களா என்று கேட்பாள். கால் நூற்றாண்டாக என்னை நீ என்று கூப்பிட்டவள். நானும் மரியாதையாக, நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு வருவேன். போய்ப் பேசேன் என்று என் கணவர் ஒரே ஒரு தரம் சொன்னார். உங்கள் தம்பி மனைவிக்கு ரோஷம் ஜாஸ்தி, தானாக வருவாள் என்றேன். எனக்கு இருந்த ரோஷத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த கோடையில் கொடி இரண்டு பக்கமும் ஒரு பூகூடப் பூக்கவில்லை. சரி, வெயில் அதிகம் என்றேன். எருவை இரட்டிப்பாக்கினேன். அது மாடிப்படி ஏறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வளைத்தது. தொட்டிக்கு மேலே காக்காய்க்கு மட்டும் தெரிகிற இடத்தில் இரண்டு பூ வைத்திருந்ததாக, தொட்டி கழுவ வந்தவர் சொன்னார். இன்னொரு டிசம்பர் வந்தது, போனது. பிரியாணி ஹோட்டலிலிருந்துதான். நாலு மணிக்கு டீயை நானே போட்டு, சின்னக் கதவைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். டீ நன்றாகவே இல்லை.

தை மாதத்தில் லைன்மேன் வந்து மணியடித்தார். கொடி கரண்ட் கம்பியைப் பிடித்துவிட்டதாம். ஏணி போட்டு, கம்பிக்குப் பக்கத்தில் இருந்ததை எல்லாம் கண்டமேனிக்கு வெட்டித் தள்ளினார். நான் கீழே நின்று, மெதுவாக, மெதுவாக என்று கத்தினேன். அவர், ஷாக் அடிச்சா உங்க செடியா வந்து காப்பாத்தும் என்று கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன்.

ஈஸ்டர் கழிந்து சில வாரத்தில் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். தம்பி வீட்டில் காட்டுப்பாக்கம் பக்கம் வாடகைக்கு ஃபிளாட் பார்த்திருக்கிறார்களாம். அவர்கள் பெண்ணுக்குப் போரூர்ப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, அம்பத்தூரிலிருந்து தினம் போய்வருவது கஷ்டம். இந்த வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு, அப்புறம் விற்பதா வைத்துக்கொள்வதா என்று பார்ப்பார்களாம். ஜூன் முதல் வாரம் சாமான் ஏற்றுகிறார்கள். நல்லதுதானே, பெண்ணுக்குச் சௌகரியம் என்றேன். ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அந்த மே மாதம்தான் லைன்மேன் வெட்டிய இடம் பூத்தது. அங்கே மட்டும். துணி காயப்போட மாடிக்குப் போனவள் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். ஒரு கிளையை இழுத்துப் பார்த்தேன். வெட்டுப்பட்ட பழைய தண்டு பழுப்பாக இருந்தது, அதில் பூ இல்லை. அதிலிருந்து இந்த வருஷம் கிளம்பிய பச்சைத் தளிரின் நுனியில்தான் கொத்து. இன்னொன்றை இழுத்தேன், அதுவும் அப்படித்தான். வெட்டுப்படாத தண்டுகளில் யூரியா தின்று கொழுத்த இலை மட்டும். மதிலின் அந்தப் பக்கம் இரண்டு கோடை பூத்ததும், மூன்றாவது கோடை நின்றதும், மேற்கு வெயில் என்று நான் அளந்த கதையும் எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. புதுத்தளிரில் பூக்கிற கொடியை வெட்டாமல் வைத்து, எருவைக் கொட்டி இலையாக வளர்த்திருக்கிறேன். இது பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இவ்வளவு பேரை முட்டாள் என்று சொன்ன நான் மொட்டை மாடியில் ஈரத் துணியோடு நின்றேன். வெட்கமாக இருந்தது. அப்போதுதான் கீழே அவள் வீட்டு முற்றத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன்.

உடனே போயிருக்கலாம். போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். என்ன சொல்வது என்று மனசுக்குள் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் டெம்போ வந்து நின்ற காலையில்தான் போனேன். பூத்த கிளை ஒன்றை ஒடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். சின்னக் கதவு அவள் போட்ட தாழ்ப்பாளோடு துருப்பிடித்து அசையவில்லை. தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு, விருந்தாளி மாதிரி அவள் வாசலுக்குப் போனேன்.

கொழுந்தன் உள்ளே கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தான். தையல் மிஷின் ஏற்கெனவே ஏறிவிட்டது. அவள் தலையணைகளைப் பழைய புடவையில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். வாங்க என்றாள்.

நான் கிளையை நீட்டினேன். பேச ஆரம்பித்தேன். இது போன வருஷத்துத் தண்டு, இது இந்த வருஷத்துத் தளிர், பார், கொத்து எதில் வந்திருக்கிறது என்று காட்டினேன். இந்த வகைக் கொடி புதுத்தளிரில்தான் பூக்கும், டிசம்பரில் வெட்டினால் கோடைக்குள் தளிர் முற்றிவிடும், அதனால் நீ வெட்டியது சரியான மாதம், சரியான முறை என்றேன். தழைச்சத்து அதிகமானால் இலைதான் வரும், அது என் தப்பு என்றேன். லைன்மேன் வெட்டியதையும் சொன்னேன். மூச்சு விடாமல் பேசினேன். டெம்போக்காரர்கூட பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மூட்டையைக் கீழே வைக்காமல் முழுவதையும் கேட்டாள், எப்போதும் கேட்கிற மாதிரியே.

"அக்கா, ஒரு மன்னிப்பு கேக்க உனுக்கு இம்மாம் பெரிய பாடம் ஓணுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. கிளையைக் கீழே இறக்கினேன், இரண்டு பூ அவள் காலடியில் விழுந்தது. அப்புறம் சொன்னேன்.

"உங்கம்மாவைச் சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு. மன்னிச்சிடு. போகாத."

அவள் கண் கலங்கியது. மூட்டையோடு சேர்த்து என் கையையும் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். பெண்ணுக்கு வேலை, போக வர தூரம், அதுதானே காரணம் என்று நான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை.

"இத்தப் போன கிறிஸ்மஸுக்கே சொல்லியிருந்தின்னா, நாங்க வேற ஊடே தேடியிருக்க மாட்டோம்க்கா."

சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். கதவை நான்தான் சாத்தினேன். சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது, டிரைவர் எட்டிப் பார்த்து, இன்னொரு தபா நல்லா இழுத்துச் சாத்துங்கம்மா என்றார்.